தளையிட்டவர்க்கும் தளையறுத்தவர்க்கும் ஒரே நாளா?

ஆண்டுதோறும் சனவரியின் மூன்றாம் திங்கட்கிழமையன்று அமெரிக்க ஒன்றிய நாடுகளில் அரசு அலுவலகங்கள் மூடப்பெறுகின்றன. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடி, 1968 ஏப்பிரல் 4ஆம் நாள் மெம்பிசு நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட மார்ட்டின் இலூதர் கிங்கின் பிறந்த நாள் விடுமுறை அது. ஆயின், தென்புறத்து மாநிலங்களாகிய அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் அந்நாளுக்கு உரியவர் அவர் ஒருவர் அல்லர். அங்கெல்லாம் அதே நாள், மாநிலச் சட்டத்தின்படி, இராபர்ட்டு இலீ என்னும் படைத்தலைவரின் பிறந்த நாளுமாகும். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காத்துக்கொள்வதற்கென்றே பிரிந்துசென்ற தென்னாட்டுக் கூட்டரசின் படைகளை நடத்தியவர் இந்த இலீ. அடிமைகளின் வழிவந்து, அவ்வடிமைத்தனத்தின் எச்சங்களை எதிர்த்து உயிர் துறந்தவர்க்கும், அவர் முன்னோர் அடிமைகளாகவே இருக்க வேண்டுமென்று போரிட்ட அரசின் படைத்தலைவர்க்கும் ஒரே நாள், ஒரே விடுமுறை, ஒரே நாட்காட்டியில் ஒரே கட்டம்!

"இதில் உள்நோக்கம் ஏதுமில்லை, கிங் பிறந்தது சனவரி 15, இலீ பிறந்தது சனவரி 19, அடுத்தடுத்து வருவனவற்றை ஒன்றாக்கினர், அவ்வளவே" என்று விடையிறுப்பார் உளர். நாட்காட்டி மரத்தில் தானே காய்த்துத் தொங்குவதன்று. ஆண்டின் 365 நாள்களுள் இன்ன நாளில் அலுவலகம் மூடப்பெறும், இன்னார் பொருட்டு மூடப்பெறும் என்பதைச் சட்டமன்றம் கூடி, சொல்லாய்ந்து, கைதூக்கி வரையறுக்கின்றது. தமிழில் விடுமுறை என்பது பணியினின்று விடுபடும் முறையை மட்டுமே சுட்டும். ஆங்கிலர் அதற்கு வழங்கும் சொல்லோ அடிப்பொருளில் திருநாள் என்பதாகும். ஒருவர் பெயரைச் சொல்லி அரசு கதவடைக்கும்பொழுது அந்தப் பழம்பொருள் மீண்டும் உயிர் பெற்றுவிடுகின்றது. 'இவர் போற்றத் தக்கவர்; இவரை உன் மக்களுக்குக் காட்டு' என்று அரசு தன் குடிகளிடம், அக்குடிகளின் வரிப்பணத்தைக் கொண்டே, சொல்கின்றது. மிசிசிப்பியின் குடிகளுள் பத்தில் ஏறத்தாழ நால்வர் கறுப்பினத்தவர். அலபாமாவில் நால்வர்க்கு ஒருவர்க்கும் சற்று மேல். அவர்களிடமும் அது சொல்லப்படுகின்றது என்பதுதான் இங்குள்ள சிக்கல்.

இலீ யார்? தென்னாட்டு வெள்ளையர் அவரைச் சுற்றி நெய்துவைத்த கதை ஒன்றுண்டு. அவர் அடிமை முறையை வெறுத்தவர். தாம் பிறந்த வர்சீனிய மண்ணின் மேலுள்ள பற்றொன்றினாலேயே வாளெடுத்தவர். தோல்வியிலும் நிலைகுலையாத சான்றோர் என்பது அக்கதை. அதில் ஒரு துண்டு உண்மை உண்டு. அந்தத் துண்டுதான் எஞ்சியதை மறைக்கும் திரை. 1856இல் மனைவிக்கு எழுதிய மடலில் அடிமை முறை ஒரு தீமை என்று அவர் ஒப்பியது மெய்யே. அதே மடலில், கறுப்பர்கள் ஆப்பிரிக்காவில் இருப்பதினும் இங்கிருப்பதே அவர்களுக்கு நன்மை என்றும், அவர்தம் விடுதலை இறைவன் குறிக்கும் காலத்தில் வரும் என்றும் எழுதினார். இறைவனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டால் பண்ணைக்காரனுக்குக் கவலையில்லை அன்றோ?

மறு ஆண்டே அவர் மாமனார் இறந்தார். ஆர்லிங்டன் முதலிய பண்ணைகளில் இருந்த ஏறத்தாழ 200 அடிமைகளை ஐந்தாண்டுகளுக்குள் விடுவித்துவிட வேண்டுமென்பது மாமனாரின் இறுதி ஆவணம். அதை நிறைவேற்றும் கடமை இலீயின் தலையில் விழுந்தது. அவர் செய்தது என்ன? பண்ணையின் கடன் தீரட்டும் என்று அவர்களை மேலும் கடுமையாக வேலை வாங்கினார். பலரைக் குடும்பத்தினின்று பிரித்து வெளியிடங்களுக்குக் கூலிக்கு விட்டார். காலத்தை நீட்டித்துத் தருமாறு வழக்குமன்றத்தையும் நாடினார். 1859இல் தப்பியோடிப் பிடிபட்டவர் வெசுலி நாரிசு என்னும் அடிமை. தமக்கும் உடனோடியவர்க்கும் இலீ சாட்டையடி கொடுக்கச் செய்ததையும், கிழிந்த முதுகில் உப்புநீரால் கழுவச் செய்ததையும் அவரே 1866இல் செய்தித்தாள் வழி உலகறியச் செய்தார். விடுதலை முறியில் இலீ கையொப்பமிட்டது 1862 திசம்பர் இறுதியில். அதாவது, மாமனார் வரையறுத்த ஐந்தாண்டுகள் கழிந்த பின்னர்.

போர்க்களத்திலும் இதே முகந்தான். 1863இல் அவர் படை வடக்கே பென்சில்வேனியாவினுள் புகுந்தபொழுது, அங்கே யார்க்கும் அடிமையல்லாது வாழ்ந்த கறுப்பர்களைப் பிடித்துக் கட்டித் தெற்கே அடிமைகளாக அனுப்பியது. 1864 அக்டோபரில், சிறைப்பட்ட படைஞரை இருபுறமும் மாற்றிக்கொள்ளலாமென்று இலீ முன்வந்தார். கறுப்பினப் படைஞரையும் வெள்ளைப் படைஞரோடு ஒப்பவைத்து மாற்றுவீரா என்று வடபடைத் தலைவர் கிராண்டு வினவினார். எம் குடிகளின் உடைமையானோர் அம்மாற்றத்திற்கு உரியரல்லர் என்னும் பொருள்பட இலீ விடை விடுத்தார். கிராண்டு மறுத்துவிட்டார். தம் வெள்ளைப் படைஞர் சிறையில் வாடினாலும் வாடட்டும், கறுப்பனை மாந்தனென ஒப்புவதில்லை என்பதே இலீயின் நிலை. தோற்ற பின்னரும், 1866இல் பேராயக் குழுவின் முன் சான்றுரைத்தபொழுது, கறுப்பர்க்கு வாக்குரிமை கூடாதென்றே அவர் கூறினார்.

அவர்தம் போர்த்திறத்தை யாரும் மறுப்பதில்லை. 1863 மேத் திங்களில் தம்மினும் இருமடங்கு பெரிய படையைச் சான்சலர்சுவில் களத்தில் அவர் முறியடித்த முறை இன்றும் படைப்பள்ளிகளில் பயிலப்படுகின்றது. படைப்பள்ளியில் பயிலட்டும். அரசு அலுவலகத்தின் கதவில் அவர் பெயரை எழுதித் தொங்கவிடுதற்கு அது போதாது.

பிரிவு என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே நெஞ்சு நெகிழ்வாரும் உளர். கேட்ட அளவிலேயே கண் சிவப்பாரும் உளர். தென்னாட்டுப் போரைப் பற்றிப் பேசுங்கால் இருதிறத்தாரும் வழுக்கி விழும் இடம் ஒன்றே. சில மாநிலங்கள் ஒன்றியத்தினின்று விலகின. ஒன்றியம் படைகொண்டு அடக்கியது. ஆகவே தென்னாடு ஒடுக்குண்ட நாடு, இலீ அதன் விடுதலை மறவர் என்று கணக்கிட்டுவிடுவது எளிது. அக்கணக்கிற்கு விடையைப் பிரிந்தவர்களே எழுதிவைத்துச் சென்றுள்ளனர். மிசிசிப்பி வெளியிட்ட பிரிவு விளக்கம் தன் தொடக்கத்திலேயே அடிமை முறையோடு தன்னைப் பிணைத்துக் காட்டுகின்றது. கூட்டரசின் துணைத்தலைவர் அலெக்சாண்டர் இசுட்டீவன்சு 1861 மார்ச்சு 21ஆம் நாள் சவானா நகரில் பேசியபொழுது, கறுப்பன் வெள்ளையனுக்கு நிகரல்லன், அடிமைத்தனமே அவனுக்கு இயல்பு என்னும் கொள்கையே தம் புதிய அரசின் மூலைக்கல் என்று முழங்கினார். கூட்டரசின் அரசமைப்போ, அடிமை உடைமைக்கு ஊறு செய்யும் சட்டம் எதனையும் இயற்றலாகாதென்று தன் பேராயத்தின் கையைக் கட்டிவைத்தது.

மாநில உரிமைக்காகப் போரிட்டனர் என்பது பின்னாளில் பூசிய பூச்சு. 1850இல் ஒன்றியப் பேராயம் ஒரு சட்டம் செய்தது. தெற்கிலிருந்து தப்பிவந்த அடிமையை, அடிமை முறையை ஒழித்துவிட்ட வடமாநிலங்களும் பிடித்துக் கொடுத்தாக வேண்டும் என்பது அச்சட்டம். வடமாநிலங்கள் சில தம் மாநில உரிமையைக் காட்டி அதனை எதிர்த்தன. ஒன்றியத்தின் வலிய கையைக் கொண்டு அம்மாநிலங்களை அடக்குக என்று கூவியவர் யார்? பின்னர் மாநில உரிமை பேசிப் பிரிந்த அதே தென்னாட்டார்தாம்!

1860இல் அந்நாட்டில் இருந்த அடிமைகள் ஏறத்தாழ 40 இலக்கம். தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் அடிமைகளே. எனவே தென் கரோலினா பிரிந்தது என்றால், அம்மண்ணில் வாழ்ந்த மக்களுள் பெரும்பாலாரை ஒரு சொல்லும் கேளாமல் பிரிந்தது என்பதே பொருள். ஓரினம் தன் மொழிக்கும் மண்ணுக்கும் தானே பொறுப்பேற்க எழுவது ஒன்று. தன் மண்ணிலேயே பாதிக்கு மேற்பட்டோரைச் சந்தையில் விற்றும் வாங்கியும் வந்த ஒரு கூட்டம், அவ்வாணிகத்திற்கு இடையூறு வருமென்று அஞ்சி எல்லைக்கோடு கிழிப்பது முற்றிலும் வேறொன்று. முன்னது மக்களின் குரல். பின்னது பண்ணையாரின் குரல். தன்னுரிமை என்னும் சொல்லை உயிரெனப் போற்றுவோர்க்கே, அச்சொல்லை அடிமை வாணிகர் களவாடிச் சென்றதில் மற்றெவரினும் மிகுதியாகச் சினம் வருதல் வேண்டும்.

இலீயின் பெயரால் விடுமுறைகள் பிறந்த காலத்தைக் காண்க. வர்சீனியா அவர் பிறந்த நாளை விடுமுறையாக்கியது 1889இல். அவர் இறந்து 19 ஆண்டுகள் கழித்து. மறு ஆண்டு அதன் தலைநகராகிய இரிச்மண்டில் குதிரைமேல் அமர்ந்த அவர் உருவம் வானளாவ எழுந்தது. அதே 1890இல் மிசிசிப்பி புதியதோர் அரசமைப்பை இயற்றி, தலைவரி என்றும் எழுத்தறிவுத் தேர்வு என்றும் சூழ்ச்சி செய்து கறுப்பரின் வாக்குரிமையைப் பறித்தது. 1896இல் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்துவைத்தல் முறையே என்று ஒன்றியத் தலைமை வழக்குமன்றம் தீர்ப்பளித்தது. 1901இல் அலபாமாவும் 1902இல் வர்சீனியாவும் மிசிசிப்பியின் வழியிலேயே வாக்குரிமையைப் பறித்தன. 1904இல் வர்சீனியா தன் விடுமுறையில் இலீயோடு, சான்சலர்சுவில் களத்தில் தம் படையினராலேயே இருளில் தவறிச் சுடப்பட்டு இறந்த தாமசு சாக்சனையும் சேர்த்துக்கொண்டது. வாக்குரிமையைப் பிடுங்கிய கைதான் மாலையும் தொடுத்தது. போரில் இழந்ததைச் சட்டத்தால் மீட்டவர்கள் அவ்வெற்றியைக் கொண்டாட எடுத்த விழாக்கள் இவை.

இறந்தாரை நினைப்பது வேறு. அவ்வுரிமையை யாரும் யாரிடமும் பறித்தலாகாது. அப்போரில் மாண்டோர் தொகையை 6 இலக்கத்து 20 ஆயிரம் என்று நெடுங்காலம் கணக்கிட்டு வந்தனர். பிற்கால ஆய்வு அதனை 7 இலக்கத்து 50 ஆயிரம் வரை உயர்த்துகின்றது. ஒவ்வொருவனுக்கும் ஒரு தாய் இருந்தாள். 1866 ஏப்பிரல் 25ஆம் நாள் மிசிசிப்பியின் கொலம்பசு ஊரில் பெண்கள் சிலர் மலர்களோடு இடுகாட்டிற்குச் சென்றனர். தம் பக்கத்துப் படைஞர் கல்லறைகளில் மலர் இட்டனர்; அங்கேயே புதைந்து கிடந்த வடபடையினர் கல்லறைகளிலும் இட்டனர். எந்தச் சட்டமன்றமும் அவர்களை ஏவவில்லை. தமிழர் நடுகல் நட்டதும் இவ்வகையே; வீழ்ந்தவனின் ஊரும் உறவும் நட்டு, பெயர் பொறித்து, பீலி சூட்டினர். அதனை எவரும் குறை கூறார். கொலம்பசு மகளிரின் மலருக்கும், மாநில அரசு படைத்தலைவர்க்குச் சூட்டும் மாலைக்கும் உள்ள தொலைவைத்தான் தென்னாட்டார் மறைக்கப் பார்க்கின்றனர். 'எம் முன்னோரை நினைக்கவும் கூடாதா?' என்று கண்ணீர் வடிப்பவர்கள், நினைவு நாளை ஒருபுறம் வைத்துக்கொண்டே, படைத்தலைவர் பிறந்த நாளையும், கூட்டரசின் தலைவராயிருந்த செபர்சன் தேவிசின் பிறந்த நாளையும் வேறு வேறாகக் கொண்டாடுவானேன்? அலபாமாவில் இம்மூன்றும் இன்றும் மாநில விடுமுறைகள். மிசிசிப்பி இன்னும் ஒருபடி மேலே சென்று, நாடு முழுமைக்கும் உரிய மே இறுதித் திங்கட்கிழமைப் போர் நினைவு நாளிலேயே தேவிசின் பிறந்த நாளையும் ஒட்டவைத்துள்ளது. அவன் அரசை எதிர்த்து மாண்டவர்களை நாடு நினைக்கும் நாளில் அவனுக்கு வாழ்த்து!

வியப்பு என்னவெனில், இலீயே இதனை விரும்பியிலர். 1869இல் கெட்டிசுபர்க்குக் களத்தில் நினைவுக் கற்கள் நாட்டுதற்கு அவரை அழைத்தபொழுது, போரின் புண்களை ஆறவிடுவதே அறிவுடைமை என்னும் கருத்துப்பட மறுத்து எழுதினார். அடியார்கள் ஆண்டவன் பேச்சையும் கேட்பதில்லை.

கிங்கின் நாள் வந்த கதை வேறு. அவர் கொலையுண்ட நான்காம் நாளே அவர் பெயரால் விடுமுறை வேண்டுமென்னும் முன்மொழிவு பேராயத்தில் வந்தது. அது சட்டமாக 15 ஆண்டுகள் பிடித்தன. 1983 நவம்பர் 2ஆம் நாள் குடியரசுத் தலைவர் இரேகன் ஒப்பமிட, 1986 சனவரியில் முதன்முறையாக நாடு அதனைக் கொண்டாடியது. இலீக்கு மாலை தொடுக்கத் தயங்காத சட்டமன்றங்கள் கிங்குக்கு ஒரு நாள் தரப் பட்ட பாடு சொல்லி மாளாது. வர்சீனியா 1984இல், இருந்த விடுமுறையிலேயே அவரையும் செருகி 'இலீ–சாக்சன்–கிங் நாள்' என்றொரு கலவையை ஆக்கியது. ஆர்க்கன்சா 1985இல் இலீயோடு அவரை இணைத்தது. தென் கரோலினா தன் பணியாளரிடம், கிங் நாளும் வைத்துள்ளோம், கூட்டரசு நாள்களும் வைத்துள்ளோம், வேண்டியதைப் பொறுக்கிக்கொள்க என்றது. 2000இல் தான் அங்கே கிங் நாள் எல்லார்க்குமான விடுமுறையாயிற்று. அதற்கு விலையாக, கூட்டரசு நினைவு நாளும் அதே சட்டத்தில் எல்லார்க்குமான விடுமுறையாக்கப்பட்டது.

இதற்கு நடுநிலை என்று பெயர் சூட்டினர். நிறைகோலின் ஒரு தட்டில் தளையையும் மறு தட்டில் தளை அறுத்த கையையும் வைத்து, முள் நடுவில் நிற்கின்றது பார் என்று காட்டுவது நடுநிலையாகாது. அலபாமாவின் தலைநகராகிய மாண்ட்கோமரிக்குச் சென்று பார்ப்போர்க்கு இது விளங்கும். 1861 பிப்ரவரி 18ஆம் நாள் செபர்சன் தேவிசு பொறுப்பேற்று உறுதிமொழி கூறிய மாநிலத் தலைமை மாளிகை அங்கேதான் உள்ளது. அதன் வாயிலிலிருந்து கூப்பிடு தொலைவில் உள்ளது கிங் பணியாற்றிய தெக்சுட்டர் தெருக் கிறித்தவக் கோயில். 1955 திசம்பரில் தொடங்கி ஓராண்டுக்கு மேல் நடந்த பேருந்துப் புறக்கணிப்பை அவர் அந்நகரிலிருந்துதான் நடத்தினார். 1965 மார்ச்சு 25ஆம் நாள், செல்மாவிலிருந்து நடந்தே வந்த பல்லாயிரவரோடு அதே மாளிகையின் முன் நின்று வாக்குரிமை கேட்டார். அம்மாளிகைக்குள் அமர்ந்திருந்த அரசு அன்று எவர் பக்கம் நின்றது? அதே அரசுதான் இன்று ஒரே நாளில் இருவரையும் போற்றுகின்றது.

மெல்ல மெல்லச் சில மாற்றங்கள் வந்துள்ளன. 2015 சூன் 17ஆம் நாள் தென் கரோலினாவின் சார்லசுட்டன் நகரில், கறுப்பர் கோயிலொன்றில் வழிபாட்டுக்குக் கூடியிருந்த ஒன்பதின்மரை வெள்ளை வெறியன் ஒருவன் சுட்டுக் கொன்றான். கூட்டரசுக் கொடியோடு அவன் எடுத்துக்கொண்ட படங்கள் வெளியான பின்னரே பலர்க்குக் கண் திறந்தது. மறு திங்களே அம்மாநில ஆட்சி மன்ற வளாகத்தினின்று அக்கொடி இறக்கப்பட்டது. சியார்சியா தன் கூட்டரசு நாள்களின் பெயரை அழித்து 'மாநில விடுமுறை' என்று மட்டும் எழுதிக்கொண்டது. நாள் நின்றது, பெயர் போயிற்று. ஆர்க்கன்சா 2017இல் இலீயைக் கிங்கினின்று பிரித்தது. வர்சீனியா 2000இலேயே மூவர் கலவையைப் பிரித்திருந்தது. ஆயினும் இலீ–சாக்சன் நாளைக் கிங் நாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமையில் வைத்து, படைத்தலைவர்களுக்கு முதல் வரிசை கொடுத்திருந்தது. 2020இல் அதனையும் அடியோடு நீக்கி, அதற்கு மாற்றாகத் தேர்தல் நாளை விடுமுறையாக்கியது. 1902இல் பறித்த வாக்குக்கு 2020இல் ஒரு நாள் கிடைத்தது. மறு ஆண்டு செப்டம்பரில் இரிச்மண்டின் குதிரை மறவனும் பீடத்தினின்று இறங்கினான்.

தென்னசியின் கதை இவை எல்லாவற்றினும் இழிந்தது. அங்கே நேதன் பாரெசுட்டு என்பான் ஒருவனுக்குச் சூலை 13ஆம் நாள் சிறப்பு நாள். அவன் மெம்பிசு நகரில் அடிமைகளை வாங்கி விற்றுச் செல்வம் குவித்தவன். 1864 ஏப்பிரல் 12ஆம் நாள் பில்லோக் கோட்டையில், படைக்கலத்தைக் கீழே போட்ட கறுப்பினப் படைஞரை வெட்டியும் சுட்டும் வீழ்த்தியது அவன் படை. போருக்குப் பின் கூ கிளக்சு கிளான் என்னும் கொலைக் கூட்டத்தின் முதல் தலைவனும் அவனே. ஆண்டுதோறும் அவன் நாளை அறிவித்து ஆளுநர் அறிக்கை விட்டாக வேண்டுமென்று சட்டம் கட்டளையிட்டது. 2020இல் தான் ஆளுநர் அக்கட்டளையினின்று விடுபட்டார். கூட்டரசு மறவர் நாள் என்று சனவரி 19ஆம் நாளைத் தெக்சாசு 1973இல் பெயர் மாற்றிச் சட்டத்தில் வைத்தது. அது சில ஆண்டுகளில் கிங் நாளின் மேலேயே வந்து விழுகின்றது.

பெயர்களின் மேல் பற்றுடையோர் அறியத்தக்க செய்தி ஒன்று உண்டு. வர்சீனியாவில் இலீயின் பெயர் தாங்கிய படைத்தளத்திற்கு 2023இல் கறுப்பினப் படை அலுவலர் இருவர் பெயரைச் சூட்டினர். 2025இல் ஆட்சியினர்க்குப் பழம்பெயர் மேலேயே ஆசை வந்தது. கூட்டரசுக்காரர் பெயரைச் சூட்டச் சட்டம் இடந்தரவில்லை. தேடிப் பார்த்து, வேறொரு போரில் மறவிருது பெற்ற பிட்சு இலீ என்னும் கறுப்பினப் படைஞரைக் கண்டெடுத்து, அவர் பெயரால் மீண்டும் 'இலீ' என்றே பலகை எழுதினர். அந்தப் படைஞர் பெருமைக்குரியவர், அதில் ஐயமில்லை. அவருக்குத் தக்க இடம் வேறெங்கும் கிடையாதா?

'இது மரபு, வெறுப்பன்று' என்பது தென்னாட்டாரின் இறுதி அரண். மரபு என்றால், வர்சீனிய மண்ணில் பிறந்த சியார்ச்சு தாமசு எங்கே? இலீயைப் போலவே வர்சீனியர். இலீயைப் போலவே ஒன்றியப் படையில் பயின்றவர். இலீ உறுதிமொழியைத் துறந்து தெற்கே சென்றபொழுது தாமசு ஒன்றியத்தின் பக்கமே நின்றார். 1864இல் நாசுவில் களத்தில் தென்படை ஒன்றை முற்றாக நொறுக்கினார். அவர் உடன்பிறந்தாரே அவரைக் கைவிட்டனர். வர்சீனியா அவருக்கு ஒரு நாளும் தந்ததில்லை. இலீயின் வலக்கையாக நின்ற சேம்சு இலாங்சுட்டிரீட்டு எங்கே? போருக்குப் பின் கறுப்பர் வாக்குரிமையை ஏற்று, 1874இல் நியூ ஆர்லியன்சில் வெள்ளை வெறியரை எதிர்த்துக் கறுப்பினக் காவற்படையை நடத்தியவர் அவர். அன்றே தென்னாட்டு நினைவினின்று அவரைத் துரத்திவிட்டனர். இராபர்ட்டு இசுமால்சு எங்கே? அவர் சார்லசுட்டனில் கப்பலோட்டிய அடிமை. 1862 மே 13ஆம் நாள் விடியுமுன், வெள்ளைத் தலைவர்கள் கரையில் உறங்க, கூட்டரசின் கப்பலொன்றைத் தம் மனைவி மக்களோடும் பிற அடிமைக் குடும்பத்தாரோடும் ஓட்டிச்சென்று, கோட்டைப் பீரங்கிகளின் கண்முன்னே துறைமுகம் கடந்து, வடகடற்படையிடம் ஒப்படைத்தார். பின்னர்ப் பேராயத்திற்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறம் வேண்டுமா, மண்ணின் மைந்தர் வேண்டுமா, எல்லாம் அங்கே உள்ளன. அவர்களுள் ஒருவர்க்கும் விடுமுறை இல்லை. மரபென்று சொல்லி அவர்கள் பொறுக்கியெடுத்தது எது, கழித்துத் தள்ளியது எது என்று பார்த்தால் போதும்.

போரின் முதற்குண்டு வெடித்த சார்லசுட்டன் நகரில் குதிரையோட்டத் திடல் ஒன்று இருந்தது. போரின் இறுதியாண்டில் கூட்டரசார் அதனை வடபடைஞர்க்குத் திறந்தவெளிச் சிறையாக்கினர். வெயிலிலும் பனியிலும் நோயிலும் 257 பேர் மடிந்தனர். ஒரே குழியில் தள்ளி மூடப்பட்டனர். கூட்டரசார் நகரை விட்டோடிய பின், நேற்றுவரை அடிமைகளாயிருந்த கறுப்பினத் தொழிலாளர்கள் யாரும் கேளாமலே அங்கு வந்தனர். உடல்களைத் தோண்டியெடுத்து, தனித்தனியே வரிசையாக அடக்கம் செய்து, வேலியிட்டு வெள்ளையடித்து, வாயிலில் 'திடலின் ஈகியர்' என்று எழுதிவைத்தனர். 1865 மே 1ஆம் நாள் ஏறத்தாழ 10,000 பேர் அங்கே திரண்டனர்; பெரும்பாலோர் விடுதலை பெற்ற அடிமைகள். முன்வரிசையில் கையில் மலரேந்திப் பள்ளிச் சிறார் 3,000 பேர். ஓராண்டுக்கு முன் எழுத்தறிவதே குற்றமாயிருந்த குழந்தைகள் அவர்கள். கறுப்பினப் படையணிகள் நடைபோட, கல்லறைகள் மலரால் மூடப்பட்டன. அந்நாட்டில் நடந்த போர் நினைவு நாள்களுள் முந்தியதென்று இதனைக் கருதுவர் வரலாற்றறிஞர். நூறாண்டுக்கு மேல் நாடே இதனை மறந்து கிடந்தது. தேவிடு பிளைட்டு என்னும் வரலாற்றாசிரியர் பழந்தாள்களினின்று மீட்டெடுத்தார்.

அந்த உடல்கள் பின்னர்ப் போபர்ட்டு ஊரின் இடுகாட்டிற்கு மாற்றப்பட்டன. திடல் பூங்காவாயிற்று. பூங்காவிற்கு ஆம்ப்டன் பூங்கா என்று பெயர். வேடு ஆம்ப்டன் கூட்டரசின் குதிரைப்படைத் தலைவர். மே 1ஆம் நாள் அம்மாநிலத்தில் வேலை நாள். ஒன்பது நாள் கழித்து, சாக்சன் 1863இல் இறந்ததும் தேவிசு 1865இல் பிடிபட்டதுமான மே 10ஆம் நாள், கூட்டரசு நினைவு நாள் என்று மாநில அலுவலகங்கள் மூடப்பெறுகின்றன.